நங்கூரத்தைத் தொட்ட சாட்சி

சென்னியப்பனுக்கு ஓங்கல்கள் வைத்த பெயர் 'உவ்வேக்'.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டில் பிறந்து, கடலை முதன்முதலாகப் பார்க்கும்போதே முப்பதைத் தாண்டியிருந்த ஒருவனைப் பிடித்து ஆய்வகம் கடலுக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும்? சிலுவைத்துறையில் வள்ளம் ஏறிய முதல் நாளே, அதன் விளிம்பைக் கட்டிக்கொண்டு, அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வரைக்கும் கடலுக்குக் கொடுத்துவிட்டான். அப்போது பக்கத்தில் தலைதூக்கிய ஓங்கல் ஒன்று அவனைச் சற்று நேரம் பார்த்தது. பிறகு அதே சத்தத்தை, ஏற்ற இறக்கம் மாறாமல், திருப்பிப் போட்டது.

டால்பினை அந்தக் கரையில் ஓங்கல் என்பார்கள். ஒவ்வொரு ஓங்கலுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு, அதுதான் அதன் பெயர். பழகிய மற்றதைக் கூப்பிட வேண்டுமானால் அதன் சீழ்க்கையைப் போலவே அடித்துக் கூப்பிடும். படகுகளுக்கும் அப்படித்தான் அவை பெயர் வைத்திருந்தன, இன்ஜின் சத்தத்தை வைத்து. சென்னியப்பனிடம் இருந்த ஒரே சத்தம் மேற்படி சத்தம். அதன்பின் அவன் எந்த வள்ளத்தில் போனாலும் கடல் முழுக்க 'உவ்வேக், உவ்வேக்' என்று மரியாதையாக அழைத்தது.

மாட்டுக்கும் நாய்க்கும் மொழிபெயர்க்கும் பெட்டிகள் வந்து, மாடு இத்தனை காலமாகச் சொன்னதெல்லாம் 'தவிடு' என்று தெரிந்து உலகம் சலித்துப்போயிருந்த காலம் அது. சென்னியப்பன் சோதிக்கக் கொண்டுவந்த ஓங்கல் பெட்டி கொஞ்சம் மேல். தண்ணீரில் ஒரு காது, கரையில் ஒரு ஒலிபெருக்கி. இரை, படகு, வலை, நல்லது, கெட்டது, வந்தது, போனது என்று நூறு நூற்றைம்பது சொற்களைத் தமிழாக்கும், நாம் பேசினால் அதே சொற்களைச் சீழ்க்கையாக்கித் தண்ணீருக்குள் விடும். பெயர் வந்தால் மட்டும் மொழிபெயர்க்கத் தெரியாமல் சத்தத்தை அப்படியே போடும். அதற்குக் குரல் கொடுத்தவர் ஓய்வுபெற்ற செய்தி வாசிப்பாளர் என்பதால், ஓங்கல்கள் எல்லாம் மாலைச் செய்தி வாசிப்பதுபோலவே பேசின.

"நம்மள விட நல்ல தமிழ் பேசுது பாத்தியா" என்று ஊர் கமிட்டித் தலைவர் தொபியாஸ் தன் மகனை அதட்டுவதற்கு அந்தப் பெட்டி பயன்பட்டது. வேறு பயன் இருந்ததா என்றால், கித்தேரியின் வழக்கு வரும்வரை இல்லை.

கித்தேரி கடலுக்குப் போகும் பெண். அந்த ஊரில் அப்படி விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். சொந்த வள்ளம், சொந்த வலை, சொந்த வாய். அவளுக்கு ஓங்கல்கள் வைத்திருந்த பெயர் 'டொக் டொக் டொக்'. துடுப்பால் வள்ளத்தின் பக்கத்தைத் தட்டுகிற சத்தம். அவள் ஏன் தட்டுகிறாள் என்று சென்னியப்பன் கேட்கவில்லை. அவனுக்கு வள்ளத்தில் ஏறினால் கேள்வி கேட்கிற நிலை இருக்காது.

ஒரு நாள் காலை, கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏலக்கூடத்துக்கு வந்தாள். எதிரே நின்றவன் கஸ்பார். மூன்று லாஞ்சுக்குச் சொந்தக்காரன். லாஞ்சு என்றால் மடிவலையைக் கட்டிக் கடலின் அடிவயிற்றையே வழித்துக்கொண்டு போகும் விசைப்படகு. அது ஆழத்தில்தான் தொழில் செய்யலாம், கரைக்கடல் வள்ளங்களுக்கு என்பது ஊர் கட்டுப்பாடு. கஸ்பார் அதை மதிப்பதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை, ஊரில் பாதி வீடு அவன் லாஞ்சில் வேலைக்குப் போகிறது. போதாக்குறைக்கு அவன் கித்தேரியின் கூடப்பிறந்த அக்காள் புருஷன்.

சிலுவைத்துறையில் சத்தியம் நங்கூரத்தைத் தொட்டுத்தான். பொய்ச் சத்தியம் செய்தவனின் நங்கூரம் புயலில் பிடிக்காது என்பது நம்பிக்கை. கித்தேரி, ஏலக்கூடத்தை ஒட்டிக் கரையேற்றியிருந்த தன் வள்ளத்து நங்கூரத்தில் கைவைத்தாள்.

"என் வலை கிழிஞ்சு கெடக்கு. கஸ்பார் அத்தான் லாஞ்சு கரைக்கடல்ல வந்து மடி இழுக்குது. இந்த ரெண்டும் சத்தியம்."

"ஏ கொழுந்தியா, என் லாஞ்ச கரைக்கடல்ல பாத்தது யாரு? ஒரு சாட்சி கொண்டா" என்று கஸ்பார் சுற்றிலும் பார்த்தான். கூட்டத்தில் எல்லாருக்கும் திடீரென்று கால்விரல் நகத்தில் வேலை வந்துவிட்டது.

தொபியாஸ் தலையைச் சொறிந்தார். "இந்தாம்மா கித்தேரி, கட்டுப்பாடு ஒனக்கே தெரியும். சாட்சி இல்லாம பழி சொன்னா, யாரு மேல பழி சொன்னியோ அவரு நங்கூரத்த ஊர் முன்னால தொட்டு மன்னிப்பு கேக்கணும். அப்பொறம் சீசன் முடியுற வரைக்கும் ஒன் வள்ளம் கரையிலதான். யோசிச்சுக்க."

சீசன் முழுக்க வள்ளம் கரையில் கிடந்தால் அப்புறம் அது வள்ளமில்லை, கோழிக்கூடு. கித்தேரியின் கன்னம் ஒரு கணம் துடித்ததைச் சென்னியப்பன் பார்த்தான். அவனுக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்ப்பவன் வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க, ஓங்கலைக் கேட்டா என்னங்க?"

சிரிப்பு அடங்குவதற்குள், சிரிக்காத ஒரே ஆள் பேசினான். "கேளுங்க சார்! எனக்குச் சம்மதம்" என்றான் கஸ்பார். அவன் முகத்தில் இருந்த நிம்மதி சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"வரட்டும்" என்றாள் கித்தேரி. அவள் முகமும் புரியவில்லை.

முதலில் தொபியாஸ் ஒரு சட்டப்பிரச்சினையைக் கிளப்பினார். கரையோர ஓங்கல் என்றால் உள்ளூர்க்காரன் மாதிரி, பக்கம் சாயும். நடுக்கடல் ஓங்கலைக் கேட்டால் நியாயமாக இருக்குமாம். கிளம்பினார்கள். தண்ணீர் கருநீலமாகும் இடத்தில், சுழன்று சுழன்று குதிக்கிற ஓங்கல்கள், திருவிழாக் கூட்டம்போல ஆயிரக்கணக்கில். சென்னியப்பன் வழக்கமான காணிக்கையைச் செலுத்திவிட்டுப் பெட்டியை இறக்கினான். கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது, நூறு வாயிலிருந்து.

"கரை என்றால் என்ன?"

"நிலம்லே, நிலம்! தண்ணி முடியுற எடம்!" என்று தொபியாஸ் பெட்டிக்குள் கத்தினார்.

"தண்ணீர் முடிவதில்லை" என்றது செய்தி வாசிப்பாளர் குரல், மாறாத கனிவுடன். "சூரை மீன் வருகிறது. நாங்கள் போகிறோம்." போயே போய்விட்டன.

திரும்பும் வழியில் தொபியாஸ் முனகினார். "ரொம்ப யோக்கியனுவதான் சார். ஆனா ஒரு எழவும் தெரியலயே."

"அதுங்க ஒரு இடத்துல நிக்கறதில்லீங்க. இரை போற பக்கம் போயிட்டே இருக்கும். இன்னிக்குக் கூட இருக்கறது நாளைக்கு வேற கூட்டத்துல இருக்கும். யாருக்கும் யாரையும் பகைச்சுக்கப் பயமில்லைங்க. நம்ம கரையோரத்துது அப்படியில்ல. பத்துப் பதினஞ்சுதான். பொறந்தது, வளந்தது, கட்டையில போறது எல்லாம் இதே ஆழமில்லாத தண்ணிதான். அந்தக் கருநீலத்துப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதுங்க. அதனால இங்க நடக்கறது ஒண்ணொண்ணும் தெரியும்."

"தெரியும், ஆனா சொல்லாது. நம்ம ஊர்க்காரன்தான்" என்றார் தொபியாஸ்.

ஆக, கரையோர ஓங்கலே சாட்சி என்று முடிவாயிற்று. கடலுக்குள் நீட்டிக் கட்டிய சிறுதுறைப் படகுப் பாலத்தில் ஊர் கூடியது. ஐஸ் விற்பவன்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தான். பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் குடையும் சுண்டலும் தாராளமாகக் கிடைத்தன. 'உவ்வேக்' என்று பெட்டி வழியாகச் சென்னியப்பன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட, ஓங்கல் கூட்டத்திலேயே மூத்த பெண் வந்தது. முதுகுத் துடுப்பில் வெட்டுக்காயம், பக்கத்தில் ஒரு குட்டி.

"சத்தியம் வாங்காம சாட்சி செல்லாது" என்றார் ஒருவர். அதுவும் சரிதான் என்று கயிற்றில் கட்டிய நங்கூரத்தைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஓங்கல் அதை மூக்கால் தட்டிப் பார்த்தது. குட்டியும் தட்டியது. "ரெண்டு சத்தியம்" என்று யாரோ சொல்ல, ஊர் திருப்தியானது.

சென்னியப்பன் கேள்வியைப் பெட்டிக்கு ஏற்றபடி உடைத்தான். 'கரைக்கடல்' என்ற சொல் பெட்டியில் இல்லை. கட்டுப்பாடு, எல்லை, நமது, உமது எதுவும் இல்லை. இருந்ததை வைத்துக் கேட்டான். கஸ்பாருடைய லாஞ்சின் படத்தைக் காட்ட முடியாது என்பதால், அவனே வாயால் அந்த இன்ஜின் சத்தத்தைச் செய்து காட்டினான். டுக்கு டுக்கு டுக்கு, நடுவில் ஒரு விக்கல், மறுபடி டுக்கு டுக்கு. கஸ்பாரின் பெரிய லாஞ்சுக்கு விசிறியில் ஓர் இதழ் வளைந்திருந்தது. அந்த விக்கலை ஊரில் எந்தக் குழந்தையும் அடையாளம் சொல்லும்.

"இந்தப் படகு டொக் டொக்கின் வலையைக் கிழித்ததா?"

கூட்டம் மூச்சுவிட மறந்தது. ஓங்கல் விட்டது, புஸ்ஸென்று.

"கிழிக்கவில்லை" என்றது பெட்டி. "நல்ல படகு."

அவ்வளவுதான். கஸ்பாரின் ஆட்கள் போட்ட விசிலில் பாலமே ஆடியது. ஒருவன் கஸ்பாரைத் தூக்கித் தோளில் வைத்தான். பெட்டி மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. யார் கேட்டார்கள்? தீர்ப்பு வந்தபிறகு சாட்சியின் வாயைப் பார்ப்பவர் யார்? ஓங்கல் சற்றுக் காத்திருந்துவிட்டுக் குட்டியோடு அப்பால் போனது.

கித்தேரி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"சரி. பழி சொன்னது நான். கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு. அத்தான் லாஞ்சக் கொண்டாரச் சொல்லுங்க. நங்கூரத்தத் தொட்டு மன்னிப்பு கேக்கேன்."

தோளில் இருந்த கஸ்பாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதெல்லாம் எதுக்கு கித்தேரி? நமக்குள்ள என்ன? அக்கா தங்கச்சி வீடு. நான் மன்னிச்சுட்டேன், போ."

"அது எப்படி அத்தான்? நாளைக்கு ஊர்ல ஒரு சொல்லு வரக்கூடாதுல்லா. பெரிய லாஞ்சுதான வேணும், அது பேருலதான பழி சொன்னேன்."

"அவ சொல்லுறது முறைதான்" என்றார் தொபியாஸ். வெற்றி பெற்ற கட்சிக்காரர்களே "கொண்டாங்கலே லாஞ்ச! மாலை போடணும்!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். தன் ஆட்களின் உற்சாகத்துக்கு முன் எந்தத் தலைவனால் என்ன செய்ய முடியும்? ஒரு பையன், லாஞ்சுகள் கட்டியிருக்கும் பெரிய துறைமுகத்துக்கு போன் போட்டுவிட்டான்.

காத்திருந்தார்கள். கடல் வெறுமையாக இருந்தது. லாஞ்சின் புகைகூடத் தெரியவில்லை. அப்போது ஒலிபெருக்கி விக்கியது.

டுக்கு டுக்கு டுக்கு, விக்கல், டுக்கு டுக்கு.

"யாருலே அது?" என்றார் தொபியாஸ். சென்னியப்பன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான், தான் இல்லையென்று. மறுபடியும் அதே சத்தம், இன்னொரு குரலில். பிறகு இன்னொன்று. தண்ணீருக்குள் ஒலி வெகுதூரம் வரும். கரையில் நிற்கிற மனிதக் காதுக்கு எட்டும் முன்பே ஓங்கல்களுக்கு எட்டிவிட்டது.

"வந்தது! வந்தது!" என்று செய்தி வாசிப்பாளர் குரல், தன் வாழ்நாளில் முதன்முறையாக, பதறியது. "இரை வந்தது! நிறைய! குழந்தைகளை அழைத்து வாருங்கள்!"

கரையோரத்து ஓங்கல்கள் அத்தனையும் எங்கிருந்துதான் வந்தனவோ. கல்யாண வீட்டில் இலை போட்டாச்சு என்று கேட்ட சொந்தக்காரர்கள்போல முண்டியடித்துக்கொண்டு துறைமுகத்தின் பக்கம் பாய்ந்தன. முனையைச் சுற்றி லாஞ்சு வந்தபோது, அதன் பின்பக்கம், மடிவலை தொங்க வேண்டிய இடத்தில், தாயும் பிள்ளையுமாக வரிசை கட்டி வந்தன. வலையே இல்லை. ஆனாலும் பந்தியில் யார் இடம் எது என்று ஒவ்வொன்றுக்கும் தெரிந்திருந்தது.



"சென்னி சார்," என்றார் தொபியாஸ் மெதுவாக, "இதுவ ஆழத்துக்கே போவாதுன்னு சொன்னீயல்லா?"

"போகாதுங்க."

"சும்மா கடந்து போற லாஞ்சுக்கு இப்பிடி வருமா?"

"தினம் எத்தனை கப்பல் போகுதுங்க, தலையைக்கூடத் தூக்காதுங்க. வலையை இழுத்து, சிதறுற மீனைப் போட்டுப் பழக்கின படகுக்குத்தானுங்க இந்த மரியாதை."

தோளில் இருந்த கஸ்பாரை அவன் ஆளே கீழே இறக்கிவிட்டான்.

"சோறு போட்டு சாட்சிய வளைச்சிருக்காருய்யா!" என்று யாரோ கத்த, கால்விரல் நகம் பார்த்தவர்களுக்கெல்லாம் நாக்கு வந்துவிட்டது. நான் பார்த்தேன், நானும் பார்த்தேன் என்று ஆளாளுக்கு. ஓங்கல் பொய்ச்சாட்சி, லாஞ்சுதான் வலையைக் கிழித்தது, சீசன் முடியும்வரை பெரிய லாஞ்சு துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்க வேண்டியது, கரைக்கடல் பக்கம் இனி எந்த லாஞ்சு வந்தாலும் இதே கதி. கித்தேரியின் வள்ளம் மறுநாள் கடலுக்குப் போனது.

சென்னியப்பன் அந்த வாரம் அறிக்கை எழுத உட்கார்ந்தான். மதியச் சோற்றுக்குப் பின் பதிவைப் போட்டு, கூச்சலை வடிகட்டிப் பார்த்தான். "கிழிக்கவில்லை. நல்ல படகு" என்பதற்குப் பிறகு விசில், ஆரவாரம். அதற்கடியில், அதே கனிவான குரல்:

"நாங்கள் கிழித்தோம். வலைக்குள் மீன் இருந்தது. குட்டிக்குப் பசி. டொக் டொக் தட்டினாள். நாங்கள் போகவில்லை."

சாப்பிட்ட சோறு நெஞ்சுவரை வந்தது. நிலத்தில் அவனுக்கு இப்படி ஆனதே இல்லை.

நேராகக் கித்தேரி வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் அந்த வலையைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பதிவைப் போட்டுக் காட்டினான். அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். கேட்டு முடித்ததும் பல்லால் நூலை அறுத்தாள்.

"ஓங்கல் கடிச்ச ஓட்டைக்கும் லாஞ்சு இழுத்த கிழிசலுக்கும் வித்தியாசம் தெரியாமயா சார் நான் வலை தைக்கேன்?"

"ஏனுங்க, நங்கூரத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணுனீங்களே!"

"என்ன சத்தியம் பண்ணினேன்? சொல்லுங்க பாப்போம். என் வலை கிழிஞ்சு கெடக்குன்னேன். கெடந்துச்சு. லாஞ்சு கரைக்கடல்ல மடி இழுக்குதுன்னேன். இழுத்துச்சு. அத்தான்தான் கிழிச்சாருன்னு எங்கயாவது சொன்னேனா? நீங்க எல்லாரும் சேத்து வச்சுக் கேட்டா அதுக்கு நங்கூரம் என்ன செய்யும்?"

அவள் அடுத்த ஓட்டையைக் கையில் எடுத்தாள். குரல் இறங்கியது.

"அத்தான் லாஞ்சு நெசமாவே கிழிச்சது எத்தன வலை தெரியுமா? அதுக்கெல்லாம் ஒரு பய வாயத் தொறக்கல. இதுக்குத்தான் மாட்டினாரு. எங்க அக்கா எங்கிட்ட பேசுறதில்ல சார். கோயில்ல பக்கத்துல வந்து நின்னேன், எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டா. எனக்கு வலிக்கத்தான் செய்யுது. போயி உண்மையச் சொல்லணும்னா சொல்லுங்க. நாளைக்கே லாஞ்சு வந்துரும், வள்ளம் எல்லாம் கரையேறிரும். நான் ஒங்களத் தடுக்க மாட்டேன்."

"சொல்லலைன்னா ஓங்கல் பேரு கெட்டுப்போகுதுங்களே. அது ஒண்ணுதானுங்க அன்னிக்கு உண்மை பேசுச்சு!"

"அதுக்கு என்ன, மாப்பிள்ள வீட்டுக்காரனா விசாரிக்க வரப்போறான்?"

சென்னியப்பன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு எழுதினான்: 'கரையோர ஓங்கல்கள், தமக்கு இரையிடுவோரைக் காப்பாற்றும் பொருட்டு, அறிந்தே பொய்சொல்லும் ஆற்றல் உடையவை.' பொய் சொல்லும் விலங்குக்குப் பெட்டி எதற்கு என்று ஆய்வகத்தில் எப்படியும் அதைப் பிடுங்கிக்கொண்டு தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், மஞ்சள் காடு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

நடந்தது வேறு. பொய் சொல்லத் தெரிந்த முதல் விலங்கு என்று உலகம் கொண்டாடியது. அறிஞர்கள் வியந்தார்கள். கவிஞர்கள் உருகினார்கள். உண்மையே பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் அதை மீனோடு சேர்த்துத்தான் கணக்கு வைத்திருந்தார்கள். பொய்ச்சாட்சி சொல்லும், கைநீட்டிச் சாப்பிடும் என்று தெரிந்ததும், இது நம்ம ஆள்தான் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. மனிதருக்கு நிகரான உயிர் என்று சட்டம் வந்தது. சிலுவைத்துறைக் கரைக்கடல் பாதுகாக்கப்பட்ட இடமானது. 'தண்ணீர் முடிவதில்லை' என்று சொன்ன நடுக்கடல் ஓங்கல்களைப் பரிசோதித்த குழு, அவற்றுக்குப் பொய் வராததால், அறிவு குறைவு என்று எழுதி அனுப்பியது. சென்னியப்பனுக்குப் பதவி உயர்வும் பொன்னாடையும் கிடைத்தன.

பாராட்டு விழா முடிந்த மறுநாள் காலை கித்தேரியின் வள்ளத்தில் கடலுக்குப் போனான். அவள் வலையை இழுத்து, முதலில் வந்த சாளை மீனில் ஒரு கூடையை அப்படியே தண்ணீரில் கொட்டினாள்.

"என்னங்க இது?"

"அத்தான் போட்ட சோத்த நிறுத்தினது நாமதான? அப்ப நாமதான போடணும். இல்லன்னா வலையக் கடிக்கும். கடிச்சா, பெட்டி முன்னால வந்து ஒளறும்."

மூத்த ஓங்கல் வந்தது. குட்டி நன்றாக வளர்ந்திருந்தது. சாளை தின்று முடித்து, வள்ளத்தின் பக்கமாக ஒருக்களித்து, ஒற்றைக் கண்ணால் சென்னியப்பனைப் பார்த்தது. பெட்டி பேசியது.

"உவ்வேக். நாங்கள் கிழித்தோம். சொன்னோம். கேட்டாயா?"

கித்தேரி துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் பெட்டியின் விசையைத் திருகி அணைத்தான்.

அன்று கடல் குளம்போலக் கிடந்தது. ஓர் அலைகூட இல்லை. ஆனாலும் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. விளிம்பைக் கட்டிக்கொண்டு குனிந்தான். சுற்றியிருந்த ஓங்கல்கள் அத்தனையும், பெட்டியின் உதவி தேவைப்படாமலே, அவனைப் பெயர் சொல்லி அழைத்தன.